ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை: கோரிக்கைப் பட்டியல் முதல் புதிய பே ஸ்லிப் வரை

ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே கேன்டீனில் பேச்சு கிளம்பிவிடும்: "இந்த வாட்டி எவ்வளவு வாங்குவாங்க?" அம்பத்தூர், ஒரகடம், ஓசூர் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் இதே கேள்விதான். பக்கத்துக் கம்பெனியில் ஒன்பதாயிரம், எதிர்க் கம்பெனியில் பன்னிரண்டாயிரம் என்று எண்கள் வாட்ஸாப்பில் பறக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. அதே ஒன்பதாயிரம் ஒரு தொழிலாளியின் கைக்கு மூன்று வருஷத்தில் மூன்றேகால் லட்சமாகவும் வரலாம், இரண்டேகால் லட்சமாகவும் வரலாம். எப்படி என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தமிழ்நாட்டில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வங்கி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றில் நடைமுறை வேறு.

முதலில், பேசும் தகுதி யாருக்கு?

சங்கத்தைப் பதிவு செய்வது ஒன்று, நிர்வாகம் அங்கீகரிப்பது வேறொன்று. மகாராஷ்டிரத்தில் 1971லிருந்தே அங்கீகாரத்துக்குச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இருந்ததில்லை. பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறை வாசலில் வருஷக்கணக்கில் நின்ற சங்கங்கள் இங்கே ஏராளம்.

பதிவுக்கே போராட வேண்டியிருந்ததற்கு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை சாட்சி. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளமும் வேலை நேரமும் கோரிக்கைகளாக இருந்தாலும், நடுநாயகமாக நின்றது சங்க அங்கீகாரம்தான். இடையில், அக்டோபர் முதல் வாரத்தில், ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டாயிற்று என்று அமைச்சர்கள் முன்னிலையில் அறிவிப்பு வந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே ஆண்டு மே மாதம் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி, பல சங்கங்கள் இருக்கும் ஆலையில் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைச் சேர்த்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும். எனவே உங்கள் முதல் வேலை உறுப்பினர் பட்டியல்: பெயர், டோக்கன் எண், துறை, சேர்ந்த தேதி, சந்தா ரசீது எண். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு "நமக்குத்தான் மெஜாரிட்டி" என்று இறுமாந்திருக்க வேண்டாம். சரிபார்ப்பு என்று வரும்போது காகிதம் மட்டுமே பேசும்.

நடப்பு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

பழைய ஒப்பந்தத்தின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்காது; முன்னாள் செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கும். தேடி எடுங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலம் எப்போது முடிகிறது, முடிக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு, காலம் முடிந்த பிறகும் எது தொடரும் என்று எழுதியிருக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாளே எல்லாம் காலாவதியாகிவிடாது. ஒரு தரப்பு எழுத்து மூலம் முடிவறிவிப்புக் கொடுத்து அறுபது நாள் கழியும் வரை பழைய ஷரத்துகள் இரு தரப்பையும் கட்டும். அறிவிப்பே கொடுக்காமல் நேரே கோரிக்கைப் பட்டியலை நீட்டினால், "பழைய ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதானே இருக்கு" என்று நிர்வாகம் மாதங்களை ஓட்டும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

கோரிக்கைக்கு முன் கணக்கு

சம்பள உயர்வுக்கு ஆதாரமாகக் காட்ட மூன்று கணக்குகள் வேண்டும்.

ஒன்று, தேவைக் கணக்கு. 1957ல் நடந்த 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவுகோல் வகுத்தது: ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (ஒரு பெரியவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி உணவு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு 20 சதவீதம். இதோடு கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரெப்டகோஸ் பிரெட் என்ற கம்பெனியின் சென்னைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு அது. உள்ளூர் மளிகைக் கடை விலையையும் உங்கள் ஏரியா வாடகையையும் வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். நிர்வாகம் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் நாளை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்போ தீர்ப்பாயத்திலோ கோப்பில் இருக்கப்போகும் முதல் ஆவணம் இதுதான்.

இரண்டு, ஒப்பீட்டுக் கணக்கு. அதே வட்டாரத்தில், அதே தொழிலில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பதைத் தீர்ப்பாயங்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகின்றன. சகோதரச் சங்கங்களிடம் ஒப்பந்த நகல் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். "அங்க நாப்பதாயிரமாம்" என்பதில் பாதி ஓவர்டைமாக இருக்கும்.

மூன்று, கம்பெனியின் கணக்கு. "மார்க்கெட் சரியில்லை" என்று கேட்காத பேச்சுவார்த்தையே கிடையாது. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தத் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். லாபத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஊழியர் செலவு மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம், ஐந்து வருஷத்தில் அது ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டி, தொழில்நுட்பக் கட்டணம் என்று போகும் தொகையையும் பாருங்கள். லாபம் குறைவதற்கான காரணம் சில சமயம் அந்த வரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

கோரிக்கைப் பட்டியல்

துறைவாரியாகக் கேட்டு எழுதுங்கள். பெயிண்ட் ஷாப்காரருக்கு முகமூடியும் புகைபோக்கியும். அசெம்ப்ளி லைனில் நிற்பவருக்குச் சிறுநீர் கழிக்கப் போக மாற்று ஆள். பெண்களுக்கு ஓய்வறையும் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டு வாசல் வரை வண்டியும். பஸ் ரூட்டை நீட்டுவது. கேன்டீன் கமிட்டியில் இடம். செலவு குறைந்த இந்தக் கோரிக்கைகள் ஆரம்ப அமர்வுகளிலேயே முடிந்துவிடும். சம்பளம் இழுத்துக்கொண்டே போகும் மாதங்களில், "ஏதோ நடக்குது" என்ற நம்பிக்கையைத் தொழிலாளர்களிடம் தக்கவைப்பவை இவைதான்.

வேலை நேரத்தைப் பற்றி ஒரு ஷரத்து கட்டாயம் வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தது நினைவிருக்கும். சட்டம் மாறினாலும் ஒப்பந்தக் காலம் வரை எட்டு மணி நேரம் மாறாது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அறுபது எழுபது கோரிக்கைகளை அடுக்குவது நம் ஊர் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பது எதிரில் இருப்பவருக்குப் பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இருபதுக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி காரணம் எழுதினால் கனம் கூடும். பிறகு பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானமாக்கி, அந்தத் தீர்மானத்தோடு நிர்வாகத்துக்குக் கொடுங்கள்.

மேசையில்

ஐந்து பேர் முதல் ஏழு பேர் வரை போதும். பேசுபவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். மற்றவர்கள் கவனிப்பார்கள். குழுவுக்குள் கருத்து வேறுபட்டால் அங்கேயே காட்டிக்கொள்ளாமல், "பத்து நிமிஷம் வெளியே பேசிட்டு வர்றோம்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அது உங்கள் உரிமை. பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தில் லைனுக்குத் திரும்பாமல் ஹெச்.ஆரோடு தனியாக டீ குடிக்கும் பழக்கம் யாருக்கும் வரக்கூடாது. தப்பே செய்யாவிட்டாலும், அந்த டீக்கு ஷாப்ஃப்ளோரில் பதில் சொல்லி மாளாது.

ஒவ்வொரு அமர்வுக்கும் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகம் மறுத்தால், அன்று மாலையே "இன்றைய பேச்சில் தாங்கள் கூறியது" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுநாள் வாயிற்கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கோரிக்கை பேசப்பட்டது, அடுத்த தேதி என்ன என்பது போதும். சங்கம் வாய்மூடி இருக்கும் இடத்தை வதந்தி நிரப்பும், பெரும்பாலும் நிர்வாகத்துக்கு வசதியான வதந்தி.

பேச்சு நடக்கும்போது உற்பத்தி விதி, ஷிப்ட், படிகள் எதையாவது நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றினால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். பணி நிலைமைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

ஒன்பதாயிரம் எத்தனை வகை

முன்பு சொன்ன கணக்குக்கு வருவோம். மூன்றாண்டு ஒப்பந்தம், மாத உயர்வு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுத்தொகையும் முதல் மாதத்திலிருந்தே வந்தால் 36 மாதத்தில் கைக்கு வருவது 3,24,000. நம் பகுதியில் பரவலாக இருப்பது வருஷவாரியாகப் பிரிப்பது. 60:20:20 என்றால் முதல் வருஷம் 5,400, இரண்டாம் வருஷம் 7,200, மூன்றாம் வருஷம்தான் 9,000. மொத்தம் 2,59,200. இதையே 40:30:30 ஆக்கினால் 3,600, 6,300, 9,000; மொத்தம் 2,26,800. போஸ்டரில் எண் மாறவில்லை. ஆனால் முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் ஒரு ஆளுக்கு 97,200 ரூபாய் வித்தியாசம். அதனால் கடைசி நாள் இரவில் "ஐநூறு ரூபாய் கூட்டித் தர்றோம், பிரிப்பை மட்டும் மாத்திக்கலாம்" என்று நிர்வாகம் சொன்னால், தலையாட்டும் முன் கால்குலேட்டரை எடுங்கள்.

அடுத்து, பணம் எந்தத் தலைப்பில் விழுகிறது என்பது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் சேர்ந்தால் பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுவிட்டி), விடுப்புச் சம்பளம் எல்லாம் கூடவே ஏறும். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவருக்குப் பணிக்கொடை என்பது கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 20ஆல் பெருக்குவது. ஒன்பதாயிரம் முழுக்க அடிப்படையில் சேர்ந்தால் பணிக்கொடையில் மட்டும் 1,03,846 ரூபாய் கூடும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், வாஷிங் அலவன்ஸ், ஸ்பெஷல் அலவன்ஸ் என்று சிதறினால் அந்தப் பணம் இல்லை. புதிய சட்டத் தொகுப்பில் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அது ஓரளவு காப்பு. பாதிக்குள் நடக்கும் விளையாட்டை அது தடுக்காது.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் பாதி, இரண்டு நாள் போட்டால் பூஜ்யம் என்று இருக்கும் படியைச் சம்பள உயர்வில் சேர்த்துச் சொல்வது ஏமாற்று. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதம் உயர்வே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியோடு இணைந்திருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு இப்போது 2016ஐ 100 என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது. அகில இந்திய அளவில் இதன் ஒரு புள்ளி, 2001ஐ 100 என்று வைத்த பழைய வரிசையில் 2.88 புள்ளிக்குச் சமம். பழைய ஒப்பந்தத்தில் "புள்ளிக்கு இத்தனை ரூபாய்" என்று இருப்பதை, வரிசை எது என்று சொல்லாமல் புதிய ஒப்பந்தத்தில் அப்படியே நகலெடுத்தால் பஞ்சப்படி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எந்த வரிசை, எந்த ஊர் மையம், எந்த மாதச் சராசரி என்ற மூன்றும் வாசகத்தில் இருக்க வேண்டும்.

காலத்தை மூன்றிலிருந்து நான்கு வருஷமாக்குவதும் சம்பளக் குறைப்புதான். எல்லோருக்கும் ஒரே தொகையா, சர்வீஸுக்கு ஏற்பக் கூடுதலா என்பது சங்கத்துக்குள் சண்டை மூட்டும் கேள்வி. அதை மேசைக்குப் போகும் முன்பே பொதுக்குழுவில் பேசித் தீருங்கள். நிர்வாகம் அந்தப் பிளவைத் தேடிக்கொண்டேதான் இருக்கும்.

நிர்வாகம் கேட்கும் விலை

உயர்வுக்குப் பதிலாக உற்பத்தி கேட்பார்கள். ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்தான் சைக்கிள் டைம். "சைக்கிள் டைம் அறுபது செகண்ட்லேருந்து அம்பத்தி நாலு ஆக்கிக்கலாம், வெறும் ஆறு செகண்ட்" என்பார்கள். ஷிப்டில் உண்மையான வேலை 450 நிமிஷம் என்றால், அறுபது செகண்டில் 450 பீஸ், ஐம்பத்து நாலில் 500 பீஸ். ஆறு செகண்ட் என்பது தோள்பட்டைக்கு நாளொன்றுக்கு ஐம்பது தடவை கூடுதல் வேலை.

முழுக்க மறுப்பது பெரும்பாலும் நடக்காது. எனவே நிபந்தனை வையுங்கள். நேர ஆய்வை இரு தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டும். லைனில் ஆள் எண்ணிக்கை குறையக்கூடாது. மெஷின் பழுது, பொருள் வராதது, மின்தடை ஆகியவற்றுக்குத் தொழிலாளி பொறுப்பல்ல. உற்பத்தி இலக்கை எட்டவில்லை என்பதற்காக ஊதிய உயர்வை நிறுத்தக்கூடாது. கடைசி நிபந்தனையை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள். அது போய்விட்டால் மற்ற ஷரத்துகளுக்கு மதிப்பில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு நல்ல உயர்வு கொடுத்துவிட்டு, ஓய்வுபெறுபவர்களின் இடத்தில் ட்ரெய்னிகளை நிரப்பிச் செலவை ஈடுகட்டுவது பழகிப்போன வழி. இரண்டு ஒப்பந்தம் கழித்துப் பார்த்தால் சங்கம் சிறுபான்மையாகியிருக்கும். 51 சதவீதக் கணக்கு வந்துவிட்ட பிறகு இது இன்னும் ஆபத்து. ஆண்டுக்கு எத்தனை பேரை நிரந்தரம் செய்வது என்று எண்ணோடு ஒரு ஷரத்து கேளுங்கள்.

பேச்சு முறிந்தால்

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுப்பது அடுத்த கட்டம். முடங்கிய இடத்தைச் சுருக்கமாகச் சொல்லி, மினிட்ஸ் நகல்களை இணையுங்கள். சமரச நடவடிக்கை தொடங்கி 45 நாளுக்குள், வேலைநிறுத்த அறிவிப்பு இருந்தால் 14 நாளுக்குள், அதிகாரி அறிக்கை தர வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. தோல்வி என்று அறிக்கை வந்தால், முன்பு போல அரசு பரிந்துரைக்கக் காத்திராமல் 90 நாளுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இது ஒன்று நல்ல மாற்றம்.

வேலைநிறுத்தத்தில் மாற்றம் நமக்குப் பாதகம். முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும், 60 நாளுக்குள் தொடங்க வேண்டும். சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையும் கூடாது. அறிவிப்பைப் பார்த்ததும் அதிகாரி சமரசக் கூட்டம் கூட்டிவிட்டால் தடை தொடங்கிவிடும் என்பதால், தேதி குறிக்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். பத்துப் பேருக்குக் குறையாமல் கூடிப் பேசி அறிவிப்பின்றி வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற பழைய விதியும் தொடர்கிறது.

வேலைநிறுத்தம் செய்வதற்கு முன் கருப்புப் பட்டை, உணவு புறக்கணிப்பு, வாயிற்கூட்டம், குடும்பத்தினர் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. ஓவர்டைமை மறுப்பது பல ஆலைகளில் இவை எல்லாவற்றையும் விட வேகமாக வேலை செய்யும். ஓவர்டைம் இல்லாமல் டெலிவரி கொடுக்க முடியாதபடிதான் ஆளே வைத்திருப்பார்கள். ஆனால் சேர்ந்து வேலையை மறுப்பதும் வேலைநிறுத்தமாகப் பார்க்கப்படலாம் என்பதால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்

1947 சட்டம் போய்விட்டாலும் பேட்டையில் இன்னும் 12(3), 18(1) என்று அதன் பிரிவு எண்களில்தான் பேச்சு. சமரச அதிகாரி முன் போடுவது முதல் வகை. கையெழுத்துப் போட்ட சங்கத்தில் இல்லாதவர்களையும் நாளை சேரப்போகிறவர்களையும் அது கட்டும். தனியாகப் போடும் இரண்டாவது வகை கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும். சிறு சங்கத்தோடோ "கமிட்டி"யோடோ தனி ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு தொழிலாளியிடமும் "எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்து வாங்கும் உத்தி இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. முடிந்தவரை அதிகாரி முன்னிலையில் போடுங்கள்.

ஒப்பந்தத்தின் தலையில் "வழக்கின் சுருக்கம்" என்று ஒரு பகுதி வரும். எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி. கம்பெனி நஷ்டத்தில் இருப்பதைச் சங்கம் உணர்ந்து ஒப்புக்கொண்டதாக அதில் ஒரு வாக்கியம் நுழைந்திருக்கும். அடுத்த தடவை அதையே எடுத்து வாசிப்பார்கள். அதேபோல் "பட்டியலிலுள்ள மற்றக் கோரிக்கைகள் கைவிடப்பட்டன", "ஒப்பந்தக் காலத்தில் நிதிச்சுமை தரும் எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டோம்" என்ற வரிகள். இரண்டாவதில் "விபத்து, பாதுகாப்பு, சட்டமாற்றம் நீங்கலாக" என்று சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும், ஒரு ஷரத்தை மட்டும் பிய்த்தெடுத்து அநியாயம் என்று வாதிட முடியாது என்பதே ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

இடைநீக்கத்தில் இருப்பவர்கள், குற்றப்பத்திரிகை வாங்கியவர்கள், வெளியூர் மாற்றப்பட்டவர்கள் பெயர்வாரியாகப் பின்னிணைப்பில் இருக்க வேண்டும். "நிர்வாகம் பரிவோடு பரிசீலிக்கும்" என்ற வாசகத்தை நம்பி வெளியே நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. நிலுவைத் தொகை எந்தத் தேதியிலிருந்து, எத்தனை தவணை, இடையில் ஓய்வுபெற்றவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

வரைவு ஆங்கிலத்தில்தான் வரும். தமிழாக்கத்தைப் பொதுக்குழுவில் முழுக்க வாசித்து, கேள்வி கேட்க நேரம் கொடுத்து, ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். "கையைத் தூக்குங்க" என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவார்கள். இரவு இரண்டு மணிக்குக் களைத்துப்போய்க் கையெழுத்துப் போடச் சொன்னால், காலையில் போடுகிறோம் என்று சொல்லுங்கள்.

அதன் பிறகு

புதிய சம்பளம் வந்த மாதம் துறைக்கு இரண்டு பேர், புதியவர் ஒருவர் பழையவர் ஒருவர் என்று பே ஸ்லிப் வாங்கி, பின்னிணைப்பு அட்டவணையோடு ஒவ்வொரு தலைப்பாக ஒத்துப்பாருங்கள். சர்வீஸ் கணக்கில் ஒரு வருஷம் குறைவது, பி.எஃப். பழைய அடிப்படையிலேயே பிடிக்கப்படுவது, ஓவர்டைம் விகிதம் மாறாமல் இருப்பது ஆகியவைதான் வழக்கமான பிழைகள். கண்டதைப் பட்டியலாக்கி, பெயரும் டோக்கன் எண்ணும் தொகையும் போட்டு, ஒரே கடிதமாகக் கொடுங்கள். பதினைந்து நாளில் சரியாகவில்லையென்றால் சமரச அதிகாரிக்கு நகல். இந்த வேலை முடிந்த கையோடு ஒப்பந்தம், மினிட்ஸ், பக்கத்துக் கம்பெனி நகல்கள், கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வையுங்கள். ஒரு பிரதி சங்க அலுவலக அலமாரியில்.